இறக்கி வைக்கும் நாள்

ஜனவரி 18, ஞாயிறு

இன்றைய தவறை முதலில் எழுதிவிடுகிறேன். குழந்தையை வெளியே கூட்டிப்போய்ச் சோதிக்கும் வெளிநாளன்று உடன் போகிறவர் சாதாரண உடையில் போக வேண்டும் என்பது விதி. நான் பழக்க தோஷத்தில் மருத்துவமனையின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு ஈரோடு பேருந்து நிலையத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் சஷ்டிகா அவள் அப்புச்சியின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஊசிங்களா?" என்று கேட்டாள். கோட்டைக் கழற்றிச் சுருட்டிப் பையில் திணித்தேன். ஆனால் நான் யார் என்பது அதற்குள் தெரிந்துபோயிற்று.

பகலில் மருத்துவமனையில் வேலை, மாலையில் இணைப்புத் தொழில்நுட்பப் பட்டய வகுப்பு. இரண்டிலும் நான் சுமார்தான். "பார்த்ததை முதல்ல எழுது, நினைச்சதை அப்புறம் எழுது" என்பார் வகுப்பில் குமரவேல் சார். இன்று இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கின்றன. நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன்.

சஷ்டிகாவுக்கு ஏழு வயது. போன மாசியில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவள். அவளுடைய அம்மா தனுஸ்ரீ திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். வாரம் ஒருமுறைதான் வர முடியும். அப்பா இல்லை. அதனால் குழந்தை அம்மாவின் அப்பாவிடம், பூபதி ஐயாவிடம், இருக்கிறாள். அவர் முன்பு மினி பஸ் ஓட்டியவர்.

கோபி பேருந்தில் பக்கத்து இருக்கையில் கூடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பூபதி ஐயாவின் மேற்கையில் இருந்த சாம்பல் நிறப் பட்டையையும், அதே போலச் சிறியதாகக் குழந்தையின் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங், நீங்க தாங்கியா?"

"ஆமாங்க. மக வயித்துப் பேத்திக்கு."

"அந்தக் காச்சலுங்களா?"

"அதேதானுங்க. காச்சல் போயிருச்சு, அசதி போவுல. ஒடம்புல ஒண்ணுமில்லீங்க, எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. மூளை மட்டும் அசதி அசதின்னு உள்ளார கூப்புட்டுக்கிட்டே கெடக்குது. ஆராச்சும் 'ம்'னு கேட்டாத்தான் அடங்குமாம். அவ அசதி இந்தப் பட்டை வழியா எனக்கு வந்துரும், அந்த 'ம்' போடறதுதான் என்ற வேலை."

"அதுக்கு ஒரு மிஷினை வெக்கறதுதானுங்க?"

"வெச்சுப் பாத்தாங்களாமா. மிஷின் கேக்கற மாதிரி நடிக்குதுன்னு ரெண்டே வாரத்துல புள்ளைக மூளை கண்டுபுடிச்சுருதாம். நம்ம பேத்தி மூளைங்க, சும்மாவா?"

சஷ்டிகா சிரித்தாள். இன்று காலையில் அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

"அப்ப புள்ள ஓடுனா உங்களுக்கு மூச்சு வாங்குமாக்கும்?"

"வாங்காம? அவ மாடிப்படி ஏறுனா நான் ஒக்காந்த எடத்துல வேர்த்து ஊத்திருவேன். ஊட்டுக்குள்ளாரயே ஓட்டப்பந்தயம் ஓடற ஒரே கெழவன் நான்தானுங்க" என்று அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "எங்க வீதியில நாலு பேருங்க தாங்கி. நாலும் பல்லுப்போன கேசு. சம்பாரிக்கறவங்க தாங்குனா அடுப்பு எரியுங்களா? நமக்குத்தான் சும்மா கெடக்கற ஒடம்பு, குடுத்தா என்னன்னு கேக்கறாங்க. நாமளும் குடுத்தர்றோம்."

சட்டத்தில் இப்படி இல்லை. இரத்த உறவில் பதினெட்டு வயது நிறைந்த யாரும் ஏற்பவராகலாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் எங்கள் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் எங்கு பார்த்தாலும் நரைத்த தலைகள்தான். 'ஏற்பவர்' என்ற சொல்லை நாங்கள் மட்டும் எழுதுகிறோம். மற்ற எல்லோருக்கும் அவர்கள் தாங்கிகள். வெளிநாளையும் அப்படித்தான், 'எறக்கி வெக்கற நாள்' என்பார்கள்.

ஆனால் எல்லோருக்கும் அன்று இறக்கிவைக்க வாய்ப்பதில்லை. குழந்தைக்குப் பிடித்த இடத்துக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு நேரம் பார்த்து நான் என் கைக்கருவியில் இணைப்பை நிறுத்திவிட வேண்டும். எப்போது நிறுத்தினேன் என்பது இருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் பயம் வரும், பயமும் களைப்பைப்போலவே ஆளை உட்கார வைத்துவிடும். பட்டையில் விளக்கு எதுவும் கிடையாது. நிறுத்திய பிறகும் குழந்தை மற்ற குழந்தைகளைப்போல விளையாடினால் தேறிவிட்டாள் என்று பொருள், பட்டைகளைக் கழற்றலாம். சோர்ந்து உட்கார்ந்தால் இன்னும் ஆறு மாதம்.

நேற்று டாக்டர் மெர்லின் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தப் பெரியவருக்கு ஆறு மாசம் ஓடாது ரோஷிணி. தாங்கற உடம்புக்கு அது பொய்க் களைப்புன்னு தெரியாது. நெஜமாவே ஓடின மாதிரி இதயம் அடிச்சுக்கும். போன ரெண்டு மாசமா செக்கப்புக்கு வரமாட்டேங்கறார். படபடப்பெல்லாம் பேத்தியோடது, அதை எதுக்கு எங்கிட்ட அளக்கறீங்கன்னு கேக்கறார்."

"வேற யாரையாவது மாத்த முடியாதா டாக்டர்?"

"மாத்தினா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்கும் அவர் ஒத்துக்க மாட்டார். நீட்டிக்கலாமான்னு கேட்டா யோசிக்காம சரிம்பார், அதான் எனக்குப் பயம். நாளைக்கு நல்லாக் கவனி. உன் அறிக்கையை வெச்சுத்தான் முடிவு."

என் அறிக்கை. பேருந்தில் கொடிவேரி வரைக்கும் எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

பொங்கல் கூட்டம் வடிந்திருந்தது. பவானி ஆறு தடுப்பணை மேல் வழிந்து வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. அதன் கீழே பிள்ளைகள் கத்திக்கொண்டு நின்றார்கள். சஷ்டிகாவைத் தண்ணீரில் விடக்கூடாது. ஆனால் கரையில் புல்வெளி இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது, பந்து விளையாடும் பிள்ளைகள் இருந்தார்கள். இந்த இடத்தைக் கேட்டது அவள்தான். கேட்டவள், வந்ததும் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"போயி வெளையாடு சாமி."

"வேண்டா அப்புச்சி."

"ஊஞ்சலு?"

"காலு வலிக்குது அப்புச்சி."

மீன் வறுக்கும் கடைக்காரர் அவளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏனம்மிணி, ஆத்துக்கு வந்து அம்மி மாதிரி குந்தியிருக்கற? பெரியவரே, புள்ளைய ஊட்டுல பூட்டியே வெச்சிருப்பீங்களாட்ட இருக்குது!"

"நீ மீனைக் கருக்காம எடுப்பா மொதல்ல" என்றார் பூபதி ஐயா. "என்ற பேத்தி எந்திரிச்சு ஓடுனா உன்ற கடையே தாங்காது."

ஜிலேபி மீனை வாங்கி, முள்ளெடுத்து, சோற்றோடு பிசைந்து அவளுக்கு ஊட்டினார். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் இணைப்பை நிறுத்தினேன். சந்தேகம் வந்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். நின்றுதான் இருந்தது. சற்றுக் கழித்து இன்னொரு முறையும் பார்த்தேன். நின்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு பார்த்தது: சஷ்டிகா எழுந்திருக்கவே இல்லை. ஒரு பையன் எறிந்த பந்து அவள் காலருகே வந்தது. அதைக் கையால்கூட எறியாமல் காலால் மெதுவாகத் தள்ளிவிட்டாள். பூபதி ஐயா கை கழுவப் படியிறங்கிப் போய்த் திரும்பினார். திரும்பும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வந்து உட்கார்ந்தவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

என் பக்கம் குனிந்து, குழந்தைக்குக் கேட்காமல் சொன்னார்: "அம்மிணி, அவ இப்பிடிக் குந்துன மேனிக்கே இருக்கறா, எனக்கு மூச்சு வாங்குது பாருங்க. அப்ப உள்ளார எவ்வளவு அசதி இருக்கோணும்? வெளிய காட்டமாட்டேங்கறா. இன்னும் ஆறு மாசம்னாலும் பரவால்லீங்க, நான் கையெழுத்துப் போட்டர்றேன். டாக்டரம்மாகிட்டச் சொல்லீருங்க."

இணைப்பு நின்று ஒரு சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. அவருக்கு வாங்கிய மூச்சு அவருடையது. குழந்தையிடமிருந்து எதுவும் அவருக்குப் போகவில்லை. அதை அவரிடம் சொன்னால் பரிசோதனை கெட்டுவிடும். சொல்லாவிட்டால் அவர் இன்னும் ஆறு மாதம் சுமக்கத் தயாராகிவிட்டார். இதற்கு வகுப்பில் எந்தப் பாடமும் நடத்தவில்லை. ஒருவேளை நடத்தியிருந்து நான் அன்று வராமல் இருந்திருக்கலாம்.

சற்று நேரத்தில் அவர் துண்டை விரித்து மரத்தடியில் படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார். சஷ்டிகா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"காலு ரொம்ப வலிக்குதா சஷ்டி?"

என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், "டாக்டர் அம்மாகிட்டச் சொல்ல மாட்டீங்களே?" என்றாள்.

"என்னன்னு?"

"வலிக்கலீங்க்கா."

"அப்புறம் ஏன் விளையாடல?"

"நான் வெளையாண்டா அப்புச்சிக்கு வலிக்கும்." எனக்கு இது தெரியாதா என்பது போல ஒரு பார்வை. "ஆடியில மாடியில கயிறு தாண்டுனேன். கீழ வந்து பாத்தா அப்புச்சி நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சமையக்கட்டுல குந்தியிருந்தாரு. நான் கேட்டதுக்கு மொளகா நெடின்னாரு. மொளகாயே வறுக்கல."

"அன்னையில இருந்தா?"

"ஸ்கூல்லயும் ஓடமாட்டேன். படி ஏறுனா நின்னு நின்னு ஏறுவேன். அப்பத்தான் அவருக்கு மெதுவா வரும். பாட்டு மிஸ்ஸு ஆடச் சொன்னாங்க, எனக்கு அசதின்னுட்டேன்."

ஆடியிலிருந்து தை வரை. இவள் எப்போது தேறினாள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மாதாமாதம் எங்கள் ஆட்கள் இவளைப் பார்த்துவிட்டு 'விளையாட்டில் நாட்டமில்லை, சோர்வு நீடிக்கிறது' என்று எழுதினார்கள். அதை வைத்துத்தான் இணைப்பை நீட்டித்தார்கள். அவரைக் காப்பாற்ற இவள் உட்கார்ந்தாள். இவள் உட்கார்ந்ததால் அவர் மேலும் சுமந்தார்.

இந்த இடத்தில் நான் விதியை மீறினேன். யோசித்துச் செய்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

"சஷ்டி, இப்போ அது நின்னிருக்கு. நான்தான் நிறுத்தினேன். இப்போ நீ ஓடினா அப்புச்சிக்கு ஒண்ணும் ஆகாது."

"பொய்."

"நெஜமா. வேணும்னா மெதுவாப் பாரு."

அவள் எழுந்து நின்றாள். ஒருமுறை குதித்தாள். உடனே குனிந்து அப்புச்சியின் முகத்தைப் பார்த்தாள். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை குதித்தாள். அவர் மார்பு ஏறி இறங்குவதைக் கிட்டப்போய்க் கவனித்தாள். மரத்தை ஒரு சுற்று ஓடிவந்தாள், மண்டியிட்டு அவர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஓடினாள். புல்வெளியின் அந்தக் கோடிக்கு ஓடி, அங்கே நிற்காமல் திரும்பி ஓடிவந்தாள். பந்து விளையாடிய பிள்ளைகளோடு சேர்ந்தாள். ஒரு பையன், "ஏய், நீதான் அம்மியா?" என்றான். அவனைத் தள்ளிவிட்டுப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஊஞ்சலில் நின்றுகொண்டே ஆடினாள். மூச்சு வாங்கியது, கன்னம் சிவந்தது, நின்று இளைப்பாறிவிட்டு மறுபடி ஓடினாள். எந்தக் குழந்தைக்கும் வாங்குகிற மூச்சு அது. நான் நினைத்தது ஒன்றே ஒன்று: நாளைக்குப் பட்டையைக் கழற்றிவிடலாம்.

அவள் சத்தமாகச் சிரித்த சிரிப்பில் பூபதி ஐயா விழித்துக்கொண்டார். பேத்தி எங்கே என்று துழாவினார். அவள் ஓடுவதைப் பார்த்ததும் கையை ஊன்றி வேகமாக எழுந்தார். நின்ற இடத்திலேயே வலது கையை மார்பில் வைத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மிணி, பாருங்க! ஓடறா! எனக்கு இங்க தெரியுதுங்க. தடதடன்னு... அவ ஓடறது அப்பிடியே இங்க வருதுங்க..."

"ஐயா, உக்காருங்க. ஐயா!"

"இருங்க, பாக்கோணும். நெம்ப நாளாச்சுங்க..."

உதடு வெளுத்திருந்தது. நான் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தும் கையை மார்பிலிருந்து எடுக்கவில்லை.

அந்தப் பக்கம் சஷ்டிகா ஓட்டத்தின் நடுவில் நின்றுவிட்டாள். ஒரு காலைத் தூக்கினவள் அதை மெதுவாக, சத்தம் வராமல் வைத்தாள். பந்து உருண்டு போயிற்று. எங்களை நோக்கி ஓடி வரவில்லை. ஓடினால் இன்னும் வலிக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். அடி அடியாக நடந்து வந்தாள். அவ்வளவு தூரத்தையும் அப்படியே நடந்தாள். என் முன்னால் வந்து நின்று சொன்னாள்:

"நீங்க பொய் சொன்னீங்க."

மீன்கடைக்காரர்தான் எங்களைத் தன் வண்டியில் ஏற்றிக் கோபி மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வழியில் ஒருமுறைகூட அவர் கேலி பேசவில்லை. பணி மருத்துவர் இளைஞர். பார்த்துவிட்டு, "இதயம் ரொம்பப் பலவீனமா இருக்கு. இன்னைக்கு வந்ததில்லை இது" என்றார். பிறகு பட்டையைப் பார்த்தார். "தாங்கியா இருந்தாரா? எத்தனை மாசம்?"

"பதினொண்ணு."

அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

வலி குறைந்து படுத்திருந்த பூபதி ஐயாவிடம் நான் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரத்திலிருந்தே இணைப்பு இல்லை என்று. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்பப் படியேறுனப்ப வாங்குன மூச்சு?"

"உங்களோடதுங்க ஐயா."

"அவ ஓடறப்ப நெஞ்சுல வந்தது?"

"அதுவும்."

நான் பயந்த மாதிரி அவர் கலங்கவில்லை. அவர் முகம் மெதுவாக மலர்ந்தது. "அப்பப் புள்ளைக்கு ஒண்ணுமே இல்லையாக்கும்? எல்லா அசதியும் என்றதுதானா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "கழட்டிப் போட்டா, அவ எப்பிடி இருக்கறான்னு எனக்கு இனி எப்பிடித் தெரியும்?" என்றார். கேள்வியாகக் கேட்டாரா, தனக்குத் தானே சொன்னாரா, தெரியவில்லை.

சஷ்டிகா கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் கழித்துத்தான் அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மூச்சை மிக மெதுவாக, எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தாள். அவரும் மெதுவாக விடட்டும் என்று.

"சாமி, எனக்கு வந்தது வயசுடா. உன்றது இல்ல" என்றார் அவர்.

அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை. நம்பச் சொல்ல எனக்கும் தைரியமில்லை. இன்றைக்கு வந்த வலி அவளுடையதல்ல என்பது உண்மை. பதினோரு மாதத்தில் அந்த இதயத்தைத் தேய்த்தது எது என்று அவள் கேட்டால்? அவள் சும்மா இருந்த மாதங்களுக்கும் சேர்த்து யார் பொறுப்பு? அவளா, அவரா, மாதாமாதம் வந்து பார்த்துவிட்டுப் போன நாங்களா? நான் நினைத்தது இது. எழுதிவிட்டேன்.

வெளியே வராந்தாவில் தனுஸ்ரீக்குப் போன் செய்துவிட்டுத் திரும்பினேன். திருப்பூரிலிருந்து கிளம்பிவிட்டாராம். சஷ்டிகா வாசலில் நின்றிருந்தாள். நான் பொய் சொன்னவள் என்ற கோபம் முகத்தில் இருந்தது. ஆனால் கேட்பதற்கு அவளுக்கு வேறு ஆள் இல்லை.

"அக்கா, இதைத் திருப்பி வெக்க முடியுமா?"

"எதை?"

பட்டையைக் காட்டினாள். "அப்புச்சியோடது எனக்கு வர்ற மாதிரி. நான் நல்லாத்தான இருக்கறேன்? நான் தாங்கறேன்."

பதினெட்டு வயது நிறைய வேண்டும் என்றேன். அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பத்தைத் தாண்டியதும் நிறுத்தி, உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் மெர்லினிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன், நான் விதியை மீறியதையும் சேர்த்து. பரிசோதனை கணக்கில் வராது என்றார். பிறகு, "கழட்டிடலாம். நானே கையெழுத்துப் போடறேன்" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

நாளை காலை முதல் வேலை: சஷ்டிகாவைக் கட்டிலருகே உட்காரவைத்து, அவள் பார்க்கும்படி இரண்டு பட்டைகளையும் கழற்ற வேண்டும். முதலில் அவருடையதை.